நாம் வாழ்ந்த பழைய வீடு: லயத்தின் கட்டடமும் வரலாறும்



நுவரெலியாப் பட்டணத்துக்குப் போனவர்கள் அங்குள்ள சிவப்புச் செங்கல் தபாற்கந்தோரைப் பார்க்காமல் வந்திருக்க மாட்டீர்கள். 1894ஆம் ஆண்டில் கட்டப்பட்டது அது. இரண்டு மாடி, செங்குத்தாகச் சரியும் கூரை, மேலே மணிக்கூட்டுக் கோபுரம். உல்லாசப் பயணிகள் அதன் முன்னே நின்று படம் பிடித்துக்கொள்கிறார்கள். 2023ஆம் ஆண்டில் அதனை ஓட்டலாக்கக் கொடுக்கும் யோசனை எழுந்தபோது, தபால் ஊழியர்கள் நவம்பர் மாதத்தில் நாடளாவிய வேலைநிறுத்தமே செய்தார்கள். ஒரு பழைய கட்டடத்துக்காக மனிதர் அவ்வளவு தூரம் போவார்கள் என்பது நல்ல செய்திதான்.

அந்தத் தபாற்கந்தோர் எழும்பிய காலத்தில், சுற்றியுள்ள மலைகளில் வேறொரு வகைக் கட்டடமும் வரிசை வரிசையாக எழும்பிக்கொண்டிருந்தது. அதைக் காப்பாற்ற எவரும் வேலைநிறுத்தம் செய்ததில்லை. செய்யுங்கள் என்று சொல்லவும் இக்கட்டுரை வரவில்லை. அதிலிருந்து வெளியே வரவேண்டும் என்றுதான் நம்மவர் இத்தனை காலமும் கேட்டு வந்தார்கள். ஆனாலும் அதுவும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கட்டடமே. அதற்கும் ஒரு திட்டம் உண்டு, ஒரு காரணம் உண்டு, ஒரு சரித்திரம் உண்டு. நம்மில் பலருடைய பாட்டனும் பூட்டனும் பிறந்ததும் இறந்ததும் அதற்குள்தான். இன்று நாம் படிக்கப்போவது அந்த வீட்டை: லயத்தை.

பெயர்களில் உள்ள சரித்திரம்

முதலில் சொற்களைப் பாருங்கள். குதிரை கட்டும் லாயத்திலிருந்துதான் லயம் என்ற பெயர் வந்தது என்று சிலர் சொல்வார்கள். கோபத்தில் சொல்லும்போது அது பொருத்தமாகவும் இருக்கும். ஆனால் உண்மை வேறு. பட்டாளத்துச் சிப்பாய்களின் குடியிருப்பு வரிசைகளை ஆங்கிலேயர் 'லைன்ஸ்' என்று அழைத்தார்கள். அந்தச் சொல்லே தோட்டத்துக்கு வந்து, நம் நாவில் லயன் ஆகி, லயம் ஆயிற்று. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பட்டாளத்தின் பெயர் மட்டும் வரவில்லை, பட்டாளத்தின் கட்டடத் திட்டமும் கூடவே வந்தது.

லயத்தின் அறையைக் 'காம்பரா' என்கிறோம். அது போர்த்துக்கேயர் விட்டுச் சென்ற சொல். முன்பக்கத் திண்ணையை 'இஸ்தோப்பு' என்கிறோம். அது ஒல்லாந்தர் சொல். ஆக, இலங்கையை ஆண்ட மூன்று சீமைக்காரரும் பத்தடி அகலமுள்ள ஒரு வீட்டுக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள்! 'ஜன்னல்' என்ற சொல்லும் போர்த்துக்கேயருடையதே. சொல் வந்து சேர்ந்ததே தவிர, ஜன்னல் வந்து சேராத காம்பராக்கள் எத்தனையோ.

துரையின் வீட்டுக்குப் பெயர் பங்களா. வங்காள நாட்டுக் குடிசையின் பாணியில், சுற்றிலும் தாழ்வாரம் விட்டுக் கட்டிய ஒற்றைத் தள வீட்டுக்கு ஆங்கிலேயர் இட்ட பெயர் அது. வங்காளத்துக் குடியானவனின் குடிசையே பெருத்து வளர்ந்து துரையின் மாளிகையாக மலையுச்சிக்கு ஏறியது என்பது வேடிக்கையான செய்தி.

மேலே பங்களா, கீழே லயம்

நுவரெலியாவின் பழைய வீடுகளுக்கு மூத்தது எது என்று கேட்டால், தேசாதிபதி சர் எட்வர்ட் பார்ன்ஸ் கட்டிய வீட்டைச் சொல்லலாம். 1824 முதல் 1831 வரை ஆண்டவர் அவர். கொழும்பு வெயிலில் வாடிய வெள்ளையர் உடம்பைத் தேற்றிக்கொள்ள ஏற்ற குளிர்ந்த இடம் என்று நுவரெலியாவைத் தெரிந்தெடுத்து, 1820களின் இறுதியில் தமக்கும் அங்கே ஒரு வீடு எழுப்பினார். 'பார்ன்ஸ் ஹோல்' என்று அதற்குப் பெயர். 1890களின் தொடக்கத்தில் ஓட்டலாக மாறி, மேலும் மேலும் விரிந்து, இன்று கிராண்ட் ஓட்டல் என்று நிற்கிறது. 1876இல் துரைமார் தங்களுக்கென்று ஹில் கிளப் அமைத்தார்கள். வெள்ளைச் சுவரில் கறுப்பு மரச்சட்டங்கள் குறுக்கும் நெடுக்கும் ஓடும் வீடுகளை நுவரெலியாவில் பார்த்திருப்பீர்களே, அது டியூடர் பாணி எனப்படும் பழைய இங்கிலாந்துப் பாணி. முன்னூறு, நானூறு ஆண்டுகளுக்கு முன் இங்கிலாந்தில் அந்தச் சட்டங்கள்தான் வீட்டைத் தாங்கி நின்றன. இங்கே பெரும்பாலும் அழகுக்காகப் பதித்தவை. ஊர் நினைவைச் சுவரில் ஒட்டிக்கொண்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த ஊர் நினைவு துரைமாருக்கு மட்டும் உரியதல்ல. லயத்து வாசலில் கோலமிட்டவர்களும், இஸ்தோப்பின் ஓரத்தில் முருங்கை நட்டுக் குளிரில் அது பட்டுப்போவதைக் கண்டவர்களும் அதே காரியத்தைத்தான் செய்தார்கள். அவர்களுடைய ஊர் திருச்சியாகவோ, புதுக்கோட்டையாகவோ, இராமநாதபுரமாகவோ இருந்தது. அவ்வளவே வேற்றுமை.

ஆனால் லயம் எப்படித் தோன்றியது? இதற்கு விடை பயிரில் இருக்கிறது.

முதலில் வந்தது கோப்பி. 1820களில் கம்பளைப் பக்கத்தில் தோட்டங்கள் தொடங்கின. கோப்பிக்குப் பருவம் உண்டு. பழம் பறிக்கும் மாதங்களில் ஆள் வேண்டும், முடிந்ததும் வேண்டாம். எனவே தென்னிந்தியாவிலிருந்து மன்னார் வழியே காட்டுப் பாதையில் மாத்தளைக்கு நடந்து வந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் ஆண்கள். அறுவடை முடிந்து கைக்காசோடு ஊர் திரும்பலாம் என்ற எண்ணத்தில் வந்தவர்கள். வழியிலே காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் மாண்டவர் ஏராளம். அவர்களுக்குக் கம்பும் களிமண்ணும் மானாப்புல்லும் கொண்டு போட்ட குடிசை போதும் என்று தோட்டக்காரர் கருதினர். பிறகு நிலையான கட்டடம் போட்டபோதும் பட்டாளக் கொட்டில் திட்டமே கைக்கு எளிதாயிற்று. நீண்ட ஒரு கூரை, கீழே குறுக்குச் சுவர்களால் தடுத்த அறைகள். சில மாதம் படுத்தெழும்பிப் போகும் ஒற்றை ஆண்களுக்கு வேறென்ன வேண்டும் என்பது அவர்கள் கணக்கு.

1869இல் கோப்பிச் செடியின் இலையில் மஞ்சள் துரு கண்டது. பத்துப் பதினைந்து ஆண்டுகளில் கோப்பி அழிந்தது. அதற்கு இரண்டாண்டு முன்பே, 1867இல், ஜேம்ஸ் டெய்லர் என்ற ஸ்கொத்லாந்துக்காரர் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டிருந்தார். தேயிலைக்குக் கோப்பியைப் போலப் பருவம் இல்லை. கொழுந்து வாரத்துக்கு வாரம் வரும், ஆண்டு முழுவதும் கை வேண்டும். அதுவும் பெண்களின் கை வேண்டும். ஆகவே ஆண்கள் பெண்சாதி பிள்ளைகளோடு வந்து தங்கினார்கள். அறுவடைக்கு வந்தவர்கள் குடியானார்கள்.

பயிர் மாறியது, வேலை மாறியது, வேலை செய்பவர் மாறினர். வீட்டின் திட்டம் மட்டும் மாறவில்லை. ஒற்றை ஆட்கள் சில மாதம் தங்குவதற்கென்று வரைந்த அறையில், தாயும் தகப்பனும் ஐந்தாறு பிள்ளைகளும் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தார்கள். லயத்தின் கோளாறுகள் யாவும் இந்த ஒரு பிழையிலிருந்து கிளைத்தவை என்று சொன்னால் மிகையாகாது.

அளந்து பார்ப்போம்

இப்போது ஓர் அளவு நாடாவை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய காம்பராவின் வழக்கமான அளவு பத்தடிக்குப் பன்னிரண்டடி. அதாவது 120 சதுர அடி. ஒரு பேர்ச் நிலம் சுமார் 272 சதுர அடி. ஆக, ஒரு குடும்பத்தின் வாழ்வெல்லாம் அரைப் பேர்ச்சிலும் குறைவான இடத்தில். அங்கேயே அடுப்பு, அங்கேயே படுக்கை, அங்கேயே பிரசவம், அங்கேயே பிரேதம். முன்னே நாலைந்தடி அகலத்தில் இஸ்தோப்பு. மணமான மகனும் மருமகளும் உள்ளே படுக்க, வயது வந்த மற்றப் பிள்ளைகளும் தாத்தாவும் இஸ்தோப்பில் படுத்த கதையை உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள்.

லயங்களில் இரண்டு வகை. ஒரே வரிசையாக அறைகள் உள்ளது ஒற்றை லயம். நடுச்சுவரில் முதுகோடு முதுகு ஒட்டி, இரண்டு பக்கமும் அறைகள் திறப்பது இரட்டை லயம். 'பத்துக் காம்பரா லயம்', 'இருபது காம்பரா லயம்' என்று எண்ணிக்கையே பெயராகிவிடும். இரட்டை லயத்தின் காம்பராவுக்குப் பின்பக்கம் கிடையாது. எனவே பின்கதவும் இல்லை, பின் ஜன்னலும் இல்லை. காற்று வந்த வழியே திரும்பிப் போகவேண்டும். இக்காரணத்தால் கோடிக் காம்பராவுக்கு மதிப்பு அதிகம். அதற்கு ஒரு பக்கச் சுவராவது வெளியே பார்த்திருக்கும், பக்கத்தில் ஒரு சாய்ப்பு இறக்கிக்கொள்ளவும் முடியும்.

சுவரைப் பாருங்கள். பழையவற்றில் கருங்கல்லைக் களிமண்ணோ சுண்ணாம்புச் சாந்தோ இட்டு அடுக்கியிருப்பார்கள். ஓர் அடிக்கு மேலும் தடிப்பிருக்கும். இன்றும் அசையாமல் நிற்பவை இவையே. கட்டிய கல்தச்சர்களின் கைவேலையை நாம் குறை சொல்ல முடியாது. ஆனால் அறைகளுக்கு நடுவேயுள்ள தடுப்புச் சுவர் பல லயங்களில் கூரைவரை போகாது. ஒரு வீட்டுச் சண்டை பத்து வீட்டுக்கும் கேட்கும். ஒரு வீட்டுச் செபமும் தாலாட்டும் அப்படியே. புகையும் அப்படியே. தீயும் அப்படியே! கூரை ஒன்றாகையால், ஓர் அடுப்பிலிருந்தோ மின்கம்பியிலிருந்தோ எழும் நெருப்பு சில நிமிடங்களில் லயம் முழுவதையும் பிடித்துக்கொள்கிறது. தோட்டத்தில் தீப்பிடித்து ஒரே இரவில் இருபது குடும்பம் தெருவுக்கு வந்தது என்ற செய்தியைப் பத்திரிகையில் படிக்கும்போது, அது தற்செயல் என்று எண்ணாதீர்கள். அந்தத் தீ போகும் பாதையைக் கட்டடத் திட்டமே போட்டுவைத்திருக்கிறது.

கூரைக்கு வருவோம். முதலில் மானாப்புல், பிறகு நெளிதகரம். இந்தத் தகரம் லண்டன் துறைமுகத்தில் பிறந்தது. 1829இல் ஹென்றி பாமர் என்ற பொறியியலாளர் இரும்புத் தகட்டை அலை அலையாக மடித்தால் அது வளையாமல் நிற்கும் என்று கண்டு உரிமை பெற்றார். அடுத்த பத்தாண்டுகளில் துத்தநாகம் பூசித் துருவைத் தடுக்கும் முறையும் வந்தது. உலகில் ஆங்கிலேயர் போன இடமெல்லாம் அந்தத் தகரமும் போனது. புகையிரதம் 1884இல் ஹட்டனுக்கும், 1885இல் நானுஓயாவுக்கும் வந்து சேர்ந்தபின் தகரத்தை மலைக்கு ஏற்றுவது எளிதாயிற்று. கீழே தேயிலைப் பெட்டி இறங்கியது, மேலே தகரமும் அரிசியும் ஏறின. தகரக் கூரை மழையைத் தடுக்கும், குளிரைத் தடுக்காது. விடிகாலையில் உள்ளே மூச்சுக்காற்று பட்டு அது வியர்த்துச் சொட்டும். காற்று பிய்த்துக்கொண்டு போகாமலிருக்க மேலே கல்லை ஏற்றி வைப்பார்கள். பழைய டயரும் உண்டு.

இன்னொன்றைக் கவனியுங்கள். துரையின் பங்களாவைத் தூரத்திலிருந்தே அடையாளம் காட்டுவது எது? புகைபோக்கி. ஒவ்வொரு பெரிய அறைக்கும் கணப்பு உண்டு, கணப்புக்குப் புகைபோக்கி உண்டு. ஜேம்ஸ் டெய்லரின் மரவீடு லூல்கந்துரவில் அழிந்துபோயிற்று. ஆனால் அதன் கணப்பும் புகைபோக்கியும் இன்னும் நிற்கின்றன, பார்க்கப் போகிறவர்கள் உண்டு. லயத்துக்குப் புகைபோக்கி கிடையாது. அதே குளிர், அதே மலை. விறகுப் புகை கூரை இடுக்கால் போனால் போயிற்று, இல்லாவிட்டால் நெஞ்சுக்குள் போயிற்று. பழைய காம்பராவின் உட்கூரையில் பளபளவென்று தார் பூசியதுபோல் இருக்குமே, அது நூறாண்டுப் புகை. அத்தனை தாய்மாரும் ஊதிய அடுப்பின் கணக்குப் புத்தகம் அது.

இவ்வளவு குறுகிய இடத்திலும் நம்மவர் சும்மா இருந்துவிடவில்லை. தரையைச் சாணமிட்டு மெழுகினார்கள். அடுப்புக்கு மேலே பரண் கட்டி விறகும் விதையும் காயவைத்தார்கள். சுவரில் ஒரு சிறு மாடம் பிறைபோல் குடைந்து மாதாவின் படத்தையோ, அந்தோனியார் சுரூபத்தையோ, அடுத்த வீட்டில் மாரியம்மனையோ வைத்தார்கள். சாய்ப்பு இறக்கினார்கள், கோழிக்கூடு வைத்தார்கள், கானுக்கு அப்பால் கைப்பிடி நிலத்தில் கோவாவும் லீக்ஸும் போட்டார்கள். வரைபடத்தில் இல்லாத இந்தப் பகுதிகள் முழுவதும் நாம் கட்டியவை. லயத்தைப் படிக்கிறவர் கம்பெனி கட்டியதையும் குடியிருந்தவர் கட்டியதையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்துகொள்ள வேண்டும்.

1912ஆம் ஆண்டுச் சட்டங்கள் லயங்களையும் சுற்றுப்புறத்தையும் சுகாதாரமாக வைத்திருக்கும் பொறுப்பைத் தோட்டங்கள்மேல் வைத்தன. அதனால் கான்களும் கக்கூசுகளும் சில இடங்களில் திருந்தின. ஆனால் வீட்டின் உயிர்நாடியான விஷயம் அப்படியே இருந்தது. வேலைக்குத்தான் வீடு. பெயர் பதிந்தால் காம்பரா, பெயர் வெட்டினால் வெளியே. நிலத்துக்கு உறுதி இல்லை, வீட்டுக்கு இலக்கம் இல்லை. கடிதம் வந்தால் தோட்டக் கந்தோருக்கு வரும். அங்கிருந்து கைமாறி வரவேண்டும். 1894இல் அத்தனை அழகாகத் தபாற்கந்தோர் கட்டிய நாட்டில், சில மைல் தூரத்திலிருந்த ஒரு வாசலுக்கு விலாசம் கொடுக்க யாருக்கும் தோன்றவில்லை. 1948இல் குடியுரிமையும் போனபின், விலாசமில்லாத வீட்டில் நாடில்லாத குடும்பம் என்றாயிற்று.

அதே வீடு சீமையிலும்

முதுகோடு முதுகு ஒட்டிய வீடு நமக்கென்றே கண்டுபிடித்த கொடுமை என்று எண்ணிவிடாதீர்கள். இங்கிலாந்தின் தொழில் நகரங்களான பர்மிங்காம், லீட்ஸ் முதலியவற்றில் ஆலைத் தொழிலாளருக்கு அதே முறையில்தான் கட்டினார்கள். பின்பக்கம் இல்லாத, ஒரு தளத்துக்கு ஓர் அறையுள்ள வீடுகள், பொது முற்றம், பொதுக் கக்கூசு. 1909ஆம் ஆண்டு அந்நாட்டுப் பாராளுமன்றம் இத்தகைய வீடுகளைப் புதிதாகக் கட்டுவதைத் தடைசெய்தது. எண்ணிப் பாருங்கள்: தங்கள் தொழிலாளருக்கு ஆகாது என்று அவர்கள் சட்டம் போட்ட பிறகும், நம் மலைகளில் இரட்டை லயம் குடும்பங்களால் நிறைந்திருந்தது.

பர்மிங்காமில் இவ்வகை வீடுகள் ஆயிரமாயிரமாக இடிக்கப்பட்டன. இடிக்க வேண்டியவைதாம். கடைசியில் ஹர்ஸ்ட் தெருவும் இஞ்ச் தெருவும் சேரும் மூலையில் ஒரே ஒரு முற்றம் மிஞ்சியது. 1802க்கும் 1831க்கும் இடையில் கட்டிய 11 வீடுகள். கீழே கடைகள் இருந்தபடியால் தப்பிக்கொண்டன. 1988இல் அவற்றை அரசாங்கம் பாதுகாக்கப்பட்ட கட்டடங்களின் பட்டியலில் சேர்த்தது. பழுதுபார்த்து 2004இல் பொதுமக்களுக்குத் திறந்தார்கள். பிரபுக்களின் மாளிகைகளைப் பேணும் அதே தேசிய அறநிலையம்தான் இதையும் பேணுகிறது.

அங்கே செய்திருக்கும் ஒரு காரியம் நமக்குப் பாடமாகும். வீடு ஒவ்வொன்றையும் ஒவ்வொரு காலமாக அமைத்திருக்கிறார்கள். ஒன்றில் 1840களில் கடிகார முட்கள் செய்த யூதக் குடும்பம், இன்னொன்றில் 1870களில் கண்ணாடிக் கண் செய்தவர் வீடு, வேறொன்றில் 1930களின் பூட்டுத் தொழிலாளர், கடைசியில் மேற்கிந்தியத் தீவிலிருந்து வந்து 1970களில் தையற்கடை வைத்தவர். அடுப்பு, கட்டில், தட்டுமுட்டுச் சாமான் எல்லாம் அந்தந்தக் காலத்துக்கு உரியவை. பார்க்கப் போகிறவர்கள் பரிதாபப்பட்டுத் திரும்புவதில்லை. தங்கள் பாட்டியின் வீட்டைக் கண்டு பேசத் தொடங்கிவிடுகிறார்களாம்.

சட்டம் என்ன சொல்கிறது?

நம் நாட்டின் தொல்பொருட் கட்டளைச் சட்டம் 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம். புராதனம் எனக் கொள்வதற்கு அது ஒரு தேதி வைத்தது: 1815 மார்ச் 2. கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் கைக்குப் போன உடன்படிக்கையின் நாள். அதற்கு முந்தியவை புராதனம். நம்முடைய தகப்பன்மார் இந்த மலைக்கு வந்ததோ அதற்குப் பிந்தி. ஆகவே அந்தத் தேதிக்கோட்டின்படி மலையகத் தமிழர் கட்டிய, வாழ்ந்த, வழிபட்ட எந்தக் கட்டடமும் தானாகப் புராதனம் ஆகமாட்டாது. யாரும் நம்மை நினைத்து அந்தத் தேதியை வைத்தார்கள் என்று சொல்லவில்லை. நினைக்காமல் வைத்தார்கள், அவ்வளவுதான்.

ஆனால் கதவு முற்றாக மூடிவிடவில்லை. நூறாண்டு கடந்த கட்டடமொன்றை, பிந்தியதாயினும், அமைச்சர் வர்த்தமானியில் அறிவித்துப் பாதுகாக்கப்பட்ட நினைவுச் சின்னமாக்கச் சட்டத்தில் இடமுண்டு. கோயில், பங்களா, பாலம் எதற்கும் இது பொருந்தும். கல்லால் கட்டிய ஒரு பழைய லயத்துக்கும் பொருந்தும்.

பாதுகாப்பதில் நம்மவர் முயற்சி அடியோடு இல்லையென்று சொல்லிவிட முடியாது. கம்பளைப் பக்கத்தில் பழைய பீக்கொக் தோட்டத்தில், கண்டியிலுள்ள சமூக அபிவிருத்தி நிறுவனம் 2007இல் பழைய லயக் காம்பராக்களிலேயே தேயிலைத் தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகம் ஒன்றைத் திறந்தது. கூடை, கவ்வாத்துக் கத்தி, பித்தளைச் செம்பு, பழைய தஸ்தாவேஜுகள் என்று வீடுவீடாகச் சேர்த்தவை அங்கே இருக்கின்றன. கண்டிக்குச் சுற்றுலா போகும் நம் பள்ளிக்கூடங்கள் ஹந்தானையிலுள்ள தேயிலை நூதனசாலைக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போகின்றன. 1925இல் கட்டிய தொழிற்சாலையில் அமைந்தது அது, 2001இல் திறந்தது, இயந்திரங்களைக் காண நல்ல இடம். அந்த பஸ்ஸைப் பீக்கொக் தோட்டத்துக்கும் கொஞ்சம் திருப்பினால் என்ன என்பதே என் கேள்வி. உருளையைக் கண்ட பிள்ளை, உருளைக்குக் கொழுந்து பறித்துக் கொடுத்தவர் படுத்த இடத்தையும் காணட்டும்.

இடிக்கலாமா, வைக்கலாமா?

இதில் குழப்பம் வேண்டாம். லயத்தில் குடும்பங்கள் தொடர்ந்து வாழவேண்டும் என்று சொல்பவர், தாம் அதில் ஒரு மாரிகாலம் வாழ்ந்து பார்த்துவிட்டுச் சொல்லட்டும். 2017 மே 12ஆம் திகதி இந்தியப் பிரதமர் நோர்வூட்டுக்கு வந்து மேலும் 10,000 வீடுகள் கட்டித் தருவதாக அறிவித்தார். அதற்கு முன் தொடங்கியவை 4,000. ஏழு பேர்ச் நிலம், 550 சதுர அடியில் தனி வீடு என்பது திட்டம். 120 சதுர அடியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கட்டி முடிந்தவை தேவைக்கு மிகக் குறைவு, உறுதி கைக்கு வராதவர்களும் பலர். அந்தக் குறை வேறு கட்டுரைக்கு உரியது. 2025 நவம்பர் இறுதியில் அடித்த டிட்வா புயலின் மண்சரிவுகளைக் கண்டபின், சரிவின் அடியில் நிற்கும் பழைய லயத்தில் இன்னும் மக்களை வைத்திருப்பதற்கு எந்த நியாயமும் கிடையாது.

ஆனால் குடியிருப்பை முடிப்பது வேறு, நினைவை முடிப்பது வேறு. இன்று நடப்பது என்னவென்றால், புது வீடு கிடைத்த குடும்பம் ஒரு சாக்கில் சாமான்களைக் கட்டிக்கொண்டு போகிறது. பழைய காம்பரா தகரம் கழற்றி விற்கப்பட்டு, கல் பெயர்த்து எடுக்கப்பட்டு, ஆறு மாதத்தில் பற்றைக் காடாகிறது. யார் வாழ்ந்தார்கள், எத்தனை பேர், எந்த ஆண்டு என்று எங்கும் எழுதியிருப்பதில்லை. பங்களாவுக்குப் பழைய வரைபடம் உண்டு, புகைப்படம் உண்டு, துரைமார் எழுதிய நினைவுக் குறிப்புகள் உண்டு. நமக்கு அந்தச் சுவர்தான் சாட்சி. நம் பிள்ளைகளில் சிலர் பட்டணத்துப் பள்ளிக்கூடத்தில் 'உன் வீடு எங்கே?' என்று கேட்டால் லயம் என்று சொல்லக் கூசுகிறார்கள். கூச வேண்டியவர்கள் அவர்கள் அல்லர் என்பதை எடுத்துக்காட்டுவதற்காவது ஒரு லயம் நிற்கவேண்டும்.

ஹட்டன் பக்கத்திலோ நுவரெலியாப் பக்கத்திலோ, மண்சரிவு ஆபத்தில்லாத இடத்தில், உறுதியான ஒரு கல் லயத்தைத் தெரிந்து, பர்மிங்காமில் செய்தது போல் காம்பராவுக்கு ஒரு காலமாக அமைக்கலாம். ஒன்று 1890களின் கங்காணி வீடு. ஒன்று 1948இன் வீடு. ஒன்று 1973, 74 பஞ்ச காலத்து அடுப்பு, வெறும் சட்டியோடு. ஒன்றில், சாஸ்திரி–சிறிமா உடன்படிக்கையின்படி பாஸ்போர்ட் கிடைத்து, தலைமன்னார் கப்பலுக்குக் காத்திருந்த குடும்பத்தின் கட்டிவைத்த தகரப் பெட்டி. கடைசிக் காம்பராவைச் சும்மா பூட்டி வைக்கலாம், அடுத்த தலைமுறை முடிவு செய்யட்டும்.

அது பெரிய காரியம், பலர் கூட வேண்டும். அதுவரை உங்கள் குடும்பம் செய்யக்கூடியது ஒன்று உண்டு. இந்த ஞாயிறு பிற்பகலே செய்யலாம்.

உங்கள் காம்பராவையோ, உங்கள் அப்பாயி அம்மாயி வாழ்ந்து இன்னும் நிற்கும் காம்பராவையோ நாடாவால் அளந்து பிள்ளைகளைக் கொண்டு ஒரு தாளில் வரையச் சொல்லுங்கள். நீளம், அகலம், சுவரின் தடிப்பு, கதவின் உயரம். அடுப்பு எங்கே, சாமிப் படம் எங்கே, யார் எங்கே படுத்தார்கள் என்று குறியுங்கள். கம்பெனி கட்டியதைக் கறுப்பிலும், நீங்கள் கட்டியதைச் சிவப்பிலும் போடுங்கள். பிறகு வீட்டில் வயதில் மூத்தவர் பக்கத்தில் உட்கார்ந்து, 'அப்பாயி, இந்தக் காம்பராவுக்கு முதல்ல வந்தது யாரு? எங்கிருந்து வந்தாங்க? இதில எத்தனை பேர் பிறந்தோம்?' என்று கேட்டு, அவர் சொல்கிறபடியே, அவர் பேச்சிலேயே எழுதிக்கொள்ளுங்கள். திருத்த வேண்டாம். பீலிக்கரையும் கோயிலும் பிள்ளைக் காம்பராவும் எந்தத் திசையில் என்று ஓரத்தில் காட்டுங்கள். கைத்தொலைபேசி உள்ளவர்கள் நாலு பக்கமும் படம் எடுத்துக்கொள்ளுங்கள், உட்கூரையின் புகைக் கரியையும் சேர்த்து. தாளின் பின்புறத்தில் தோட்டத்தின் பெயர், டிவிசன், லயத்தின் பெயர், அன்றைய திகதி ஆகியவற்றை எழுதி, ஞானஸ்நானச் சான்றிதழ்கள் இருக்கும் பெட்டியில் வையுங்கள்.